புயல் தாங்கும் ஜன்னலுக்கு மூன்று மடங்கு விலை தரலாமா?

மொரீஷியஸின் த்ரூ தோ தூஸில் கடலைப் பார்த்த மாடி வீடு. கீழும் மேலும் கான்கிரீட் தளம். பின்பக்கச் சமையற்கட்டுக்கு மட்டும் தகரக் கூரை. இருபது வருடப் பழைய ஜன்னல்களை மாற்றப் போகிறீர்கள். அலுமினியக் கடைக்காரர் இரண்டு விலை எழுதிக் கொடுத்திருக்கிறார்: ஒன்று சாதாரணம், மற்றது ‘சூறாவளி தாங்கும்’ வகை, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வங்கிக் கடன் வாங்கியாவது இரண்டாவதைப் போடலாமா, அது முதலீடா வீண் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதான தாயார் உடன் இருப்பதையும், டிசம்பரில் குடும்பத்தோடு இந்தியா போகும் வழக்கம் உண்டு என்பதையும் சேர்த்து எழுதியது நல்லதாயிற்று. விடை பாதி அதில்தான் இருக்கிறது.

எல்லா ஜன்னலுக்கும் வேண்டாம். கடலைப் பார்த்த அந்தப் பெரிய சறுக்குக் கதவுக்கும், வெளியிலிருந்து கை எட்டாத மாடி ஜன்னல்களுக்கும் போடுங்கள். மற்றவற்றுக்கு உறுதியான சட்டமும், வெளியே மாட்டும் பலகையோ வோலேயோ (ஜன்னலை வெளியிலிருந்து மூடும் உலோக மறைப்பு) போதும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சமையற்கட்டுத் தகரத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரில் போடும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. நம் சூறாவளி எச்சரிக்கைப் படிகளில் உச்சமான நான்காம் வகை ஏறும் மணிக்கு 120 கி.மீ. காற்று, ஒரு சதுர மீட்டர் மீது ஏறத்தாழ 70 கிலோ சுமையாக அழுத்தும். 1994-இல் ஹோலாண்டா சூறாவளி வந்தபோது இத்தீவில் பதிவான உச்ச வீச்சு (திடீரென்று பாயும் காற்றின் வேகம்) 216 கி.மீ.; அது சதுர மீட்டருக்குச் சுமார் 225 கிலோ. 1960-இல் கரோல் 256 கி.மீ. வேகத்தில் வீசியது: சுமார் 315 கிலோ. 1975-இல் ஜெர்வேஸ் 280 கி.மீ.: சுமார் 380 கிலோ. உங்கள் சறுக்குக் கதவு மூன்று மீட்டர் அகலம், இரண்டே கால் மீட்டர் உயரத்துக்குச் சற்றுக் குறைவு என்றீர்கள். ஹோலாண்டா அளவுக் காற்று நேராக மோதினால் அதன்மேல் ஒன்றரை டன். ஜெர்வேஸ் அளவுக்கு இரண்டரை டன். எதிர்ப்பக்கத்து ஜன்னல்களைக் காற்று உள்ளே தள்ளாது, வெளியே உறிஞ்சும். வீட்டின் மூலைகளில் அந்த உறிஞ்சல் மற்ற இடங்களைவிடக் கடுமையாக இருக்கும்.

ஆகவே ‘கடல் பக்கம் மட்டும் பாதுகாத்தால் போதுமே’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நமது அரைக்கோளத்தில் சூறாவளி கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கிறது. அதன் கண் தலைக்கு மேலே கடந்தால், முதல் பாதியில் ஒரு பக்கமிருந்து அடித்த காற்று, ஓர் அமைதிக்குப் பிறகு நேரெதிர்ப் பக்கமிருந்து அடிக்கும். கரோலின் கண் இந்தத் தீவைக் கடந்துதான் போயிற்று. அதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அந்த அமைதியை நம்பி வெளியே வந்தவர்கள் பட்ட பாட்டை அவர்கள் சொல்லக் கேட்டால் போதும், இடைவேளையில் பலகையைக் கழற்றும் எண்ணமே வராது.

இனி அமெரிக்கக் கணக்குக்கும் நம் கணக்குக்கும் உள்ள வேறுபாடு. புயல் தாங்கும் ஜன்னலைப் பற்றி இணையத்தில் நீங்கள் படித்தவற்றில் பெரும்பகுதி ஃபுளோரிடாவிலிருந்து வந்தது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவைப் புரட்டிப் போட்ட பிறகு, அங்கே கட்டட விதிகளை மாற்றினார்கள். அங்குள்ள வீடுகளின் கூரை பெரும்பாலும் மரச் சட்டத்தின் மேல் நிற்பது. காற்று வரும் பக்கத்தில் ஒரு ஜன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது, மேலே உறிஞ்சும் காற்று அதற்குத் துணை போகிறது, கூரை பெயர்கிறது, கூரை போனால் சுவரும் போகிறது. ஒரு கண்ணாடி உடைந்து முழு வீடும் இல்லாமல் போவதற்கு அங்கே வழி உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஜன்னலுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

உங்கள் தலைக்கு மேலிருப்பது 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம். அதன் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 360 கிலோ, அத்துடன் கம்பி கட்டித் தூண்களோடு பிணைத்தது. கரோலுக்குப் பிறகு இத்தீவு மரத்தையும் தகரத்தையும் விட்டுக் கான்கிரீட்டுக்கு மாறியதே இதற்காகத்தான். ஜன்னல் உடைந்தால் உங்கள் வீடு நிற்கும். உள்ளே இருப்பது நனையும், உடையும்; உள்ளே இருப்பவர்களைக் கண்ணாடிச் சில்லு கிழிக்கலாம். இது சிறிய விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டையே காப்பாற்றும் செலவுக்கும், மெத்தையையும் தொலைக்காட்சியையும் காப்பாற்றும் செலவுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது.

சமையற்கட்டோ வேறு கதை. தகரத் தகடு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ தேறினால் பெரிது. அதன்மேல் இருநூறு முந்நூறு கிலோ உறிஞ்சல் வரும்போது அதைப் பிடித்து வைப்பது அதன் எடை அல்ல; திருகாணியும், திருகாணி இறங்கிய மரமும், அந்த மரத்தைச் சுவரோடு கட்டிய இரும்புப் பட்டையும்தான். அங்கே இன்னும் நாக்கோ ஜன்னல்கள் (கண்ணாடித் தகடுகளை வரிசையாக அடுக்கி, சாய்த்துத் திறக்கும் வகை) இருப்பதாகச் சொல்கிறீர்கள். நாக்கோ வெயில் காலத்துக்கு அருமையானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை; ஆனால் ஒவ்வொரு கண்ணாடித் தகட்டையும் இரண்டு முனையில் சின்னக் கவ்விதான் பிடித்திருக்கிறது. இரண்டு தகடு கழன்றால் காற்றுக்கு வாசல் திறந்தாயிற்று, தகரம் கிளம்புகிறது. ஃபுளோரிடாவில் நடப்பது உங்கள் வீட்டில் நடக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். கடைக்காரரின் விலைச்சீட்டில் அந்தச் சமையற்கட்டே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

கண்ணாடி வகைகளைப் பற்றி அவர் சொன்னதில் பாதி சரி, பாதி குழப்பம். அவர் ‘டெம்பர்டு’ கண்ணாடியைப் புயல் தாங்கும் கண்ணாடி என்று விற்கிறார் போலத் தெரிகிறது. டெம்பர்டு என்பது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துப் பதப்படுத்தியது. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை. உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாக இல்லாமல் கல்கண்டு போல் உதிரும், ஆளை அதிகம் வெட்டாது. குளியலறைக்கும் படிக்கட்டுக் கைப்பிடிக்கும் நல்லது. ஆனால் ஒரு கூரான தகரத் துண்டு பட்டால் அந்தப் பலகை முழுவதும் ஒரே நொடியில் உதிர்ந்து, திறந்த ஓட்டை மிச்சமாகும். புயலில் உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது: உடைந்தாலும் இடத்தை விட்டு அசையாத கண்ணாடி.

அது லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது, கார் முன்கண்ணாடி போல. கடைகளில் ‘44.2’ என்று சொல்வார்கள்: நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவில் இரண்டு அடுக்குப் படலம், ஓர் அடுக்கு 0.38 மில்லிமீட்டர். ஆனால் 44.2 என்று எழுதியிருப்பதால் மட்டும் அது சூறாவளி தாங்கும் ஜன்னல் ஆகிவிடாது. மயாமி பகுதியின் சோதனையில், நான்கு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட மரக்கட்டையை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஜன்னல் மீது எறிகிறார்கள். அதன் பிறகு அதே அடிபட்ட ஜன்னலை உள்ளும் வெளியுமாக 9,000 முறை அழுத்தி உறிஞ்சுகிறார்கள். கண்ணாடி விரிசல் விடலாம். சட்டத்திலிருந்து கழலக் கூடாது, கிழிந்து வழிவிடக் கூடாது. கவனியுங்கள், சோதிப்பது கண்ணாடியை மட்டுமன்று. கண்ணாடி, சட்டம், ரப்பர், பூட்டு, சுவரில் பதித்த ஆணி எல்லாம் சேர்ந்த முழு ஜன்னலை. ‘சூறாவளி தாங்கும்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் தாளில் எழுதலாம். அந்த அளவுள்ள, அதே சட்டத்தோடு கூடிய ஜன்னலின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கை இல்லையென்றால் மூன்று மடங்கு விலைக்கும் காரணம் இல்லை.

சாதாரணக் கண்ணாடி மீது ஒட்டும் பாதுகாப்புப் படலத்தையும் சிலர் பரிந்துரைப்பார்கள். படலத்தின் விளிம்பைச் சட்டத்தோடு பிணைக்காவிட்டால், உடைந்த கண்ணாடி சில்லாகச் சிதறாமல் பாய் போல மொத்தமாகக் கழன்று உள்ளே விழும். குறுக்காக ஒட்டும் டேப் அதைவிட மோசம். அதனால் எந்தப் பயனும் இல்லை, ஒட்டிய பிறகு வரும் நிம்மதியைத் தவிர. ‘அழுத்தம் சமமாக எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை’ என்ற அறிவுரை இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கிறது. திறக்க வேண்டாம். காற்றுத் திசை மாறும்போது அந்த ஜன்னலே முன்பக்கமாகிவிடும்.

விற்பனை அறையில் யாரும் பேசாத ஒன்றுக்கு வருகிறேன்: தண்ணீர். நம் ஊரில் நடுத்தரப் புயல்களில் கண்ணாடி உடைந்து நாசமான வீடுகளைவிட, ஒரு கண்ணாடிகூட உடையாமல் தரை முழுக்க நீர் நின்ற வீடுகளையே நான் அதிகம் பார்க்கிறேன். ஐரோப்பிய முறைப்படி செய்த ஜன்னலுக்கு மூன்று தரக்குறிகள் இருக்கும்: காற்று புகாமை, நீர் புகாமை, காற்றழுத்தம் தாங்கல். பிரெஞ்சுக் கடைகளில் அதை A, E, V என்று எழுதுவார்கள். நீருக்கு ‘9A’ என்றிருந்தால் நல்ல தரம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது 600 பாஸ்கல் அழுத்தம் வரை நீர் உள்ளே வராது என்பதற்கான குறி. 600 பாஸ்கல் என்பது மணிக்குச் சுமார் 113 கி.மீ. காற்று. அதாவது நான்காம் வகை எச்சரிக்கை ஏறும் 120 கி.மீ. காற்றிலேயே அந்த நல்ல ஜன்னல் தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. காற்றுக்கு ‘C5’ என்ற குறி 2,000 பாஸ்கல், கிட்டத்தட்ட 206 கி.மீ. ஆக, ஒரே ஜன்னல் காற்றில் நிற்கும், ஆனால் ஒழுகும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

சறுக்கு ஜன்னலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். காற்றழுத்தம் கீழ்த்தடத்தில் நீரை மேலே ஏற்றுகிறது: 600 பாஸ்கலுக்கு ஆறு சென்டிமீட்டர், 200 கி.மீ. காற்றுக்குப் பத்தொன்பது சென்டிமீட்டர் உயரம். உங்கள் தடத்தின் உள்விளிம்பு எத்தனை உயரம்? அளந்து பாருங்கள், பலவற்றில் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். தடத்தில் நீர் வடியும் துளைகள் உண்டு. கரும்பு அறுவடை நடக்கும் மாதங்களில் பறக்கும் சாம்பலும் புழுதியும் அவற்றை அடைத்துவிடும். அறுவடை முடிவதும் புயல் பருவம் தொடங்குவதும் நம் ஊரில் ஏறக்குறைய ஒரே சமயம். நவம்பர் தொடங்கும் முன் ஒரு பழைய பல்துலக்கியால் அந்தத் துளைகளைச் சுத்தம் செய்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. விலையுயர்ந்த ஜன்னல் போட்டும் அந்த வேலையைச் செய்யாத வீடுகள் ஒழுகத்தான் செய்கின்றன. புதிதாகப் போடும்போது, சறுக்குக்குப் பதில் வெளிப்புறம் திறந்து பல இடங்களில் பூட்டும் ஜன்னலைத் தேர்ந்தெடுத்தால், காற்று அதை ரப்பரோடு சேர்த்து இறுக்குகிறது. ஒழுகல் வெகுவாகக் குறையும். பெரிய கடல் பார்வைக் கதவுக்கு மட்டும் சறுக்கைத் தவிர்க்க முடியாது. அங்கே தடத்தைத் தரைமட்டத்துக்குப் பதிக்கச் சொல்வார்கள், பார்க்க அழகாக இருக்கும் என்று. அழகுக்கு ஆசைப்படாதீர்கள்.

பலகைக்கும் வோலேக்கும் வருவோம். கடைக்காரர் எதை எதோடு ஒப்பிடுகிறார் என்று பாருங்கள்: புயல் தாங்கும் ஜன்னல் போட்டால் இவ்வளவு மிச்சம், எதுவும் போடாவிட்டால் இவ்வளவு நஷ்டம். ஒப்பிட வேண்டியது ‘எதுவும் இல்லை’ என்பதோடு அல்ல, வெளியே மாட்டும் மூடியோடு. பதினெட்டு மில்லிமீட்டர் கடல்தர ஒட்டுப்பலகை, சுவரில் நிரந்தரமாகப் பதித்த துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள், சிறகு நட்டுகள்: பறந்து வரும் பெரும்பாலானவற்றை இது நிறுத்திவிடும். மடக்கும் அலுமினிய வோலே இன்னும் வசதி. உருளும் வோலே மிக வசதி. ஆனால் அதன் பக்கத் தடம் ஆழமாக இல்லையென்றால் அழுத்தத்தில் நடுவே வளைந்து பிதுங்கி வெளியே வந்துவிடும். மின்சாரத்தில் மட்டும் இயங்குவதை வாங்காதீர்கள். மின்சாரம் போகப்போவது அந்த நேரத்தில்தான். கையால் சுற்றும் பிடி கட்டாயம் வேண்டும். கடலோரத்தில் உப்புக் காற்று பட்டு இறுகிப்போன வோலேக்கள் எத்தனையோ.

மூடியில் இரண்டு குறைகள் உண்டு, இரண்டும் உங்களுக்குப் பொருந்தும். யாராவது இருந்து மூட வேண்டும். அந்த யாராவது ஏணி ஏறக்கூடியவராக இருக்க வேண்டும். மூன்றாம் வகை எச்சரிக்கை வந்த பிறகு ஏணியில் நிற்பது மடத்தனம். இரண்டாம் வகையிலேயே வேலை முடிய வேண்டும். பருவம் நவம்பரிலிருந்து மே நடுவரை. நீங்கள் இந்தியாவில் இருக்கும் டிசம்பர், தைப்பூசக் காவடிக்காக வீடே கோயிலில் இருக்கும் நாள்கள், எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. வீட்டில் தாயார் மட்டும் இருந்தால் மாடிப் பலகையை யார் மாட்டுவது? லேமினேட்டட் ஜன்னலின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது: ஆளில்லாத வீட்டிலும் அது மூடியபடியே இருக்கிறது. அதனால்தான் மாடிக்கும் கடல் கதவுக்கும் அதைச் சொன்னேன். கீழ்த்தளத்து ஏழு ஜன்னல்களுக்கு ஊருக்குப் போகும் முன்பே பலகையை மாட்டிவிட்டுப் போகலாம். ஒருவருக்கு அரை நாள் வேலை.

லேமினேட்டடுக்கு வேறு பயன்களும் உண்டு. திருடனுக்கு உடைக்க நேரம் பிடிக்கும், தெருச் சத்தம் குறையும், நாற்காலித் துணியை வெளுக்க வைக்கும் புற ஊதாக் கதிரைப் படலம் பெரும்பாலும் தடுத்துவிடும். இவற்றுக்கு நீங்கள் எவ்வளவு மதிப்புப் போடுவீர்கள் என்பது உங்கள் விருப்பம். விற்கும்போது வீட்டு விலை ஏறும் என்று கடைக்காரர் சொன்னாராம். அதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். நம் ஊரில் வீடு பார்க்க வருபவர் நீச்சல் குளத்தைப் பார்க்கிறார், கார் நிறுத்தும் இடத்தைப் பார்க்கிறார். கண்ணாடியைத் தட்டிப் பார்த்து இதன் தரக்குறி என்ன என்று கேட்டவரை நான் கண்டதில்லை.

பணத்தை ஒரு மாதிரிக் கணக்கில் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை; உங்கள் விலைச்சீட்டு எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லா ஜன்னலுக்கும் சேர்த்துக் கூடுதல் செலவு மூன்று லட்சம் ரூபாய் என்போம். ஆறு விழுக்காட்டு வட்டியில் பதினைந்து வருடக் கடன் என்றால் திருப்பிக் கட்டுவது ஏறத்தாழ நான்கரை லட்சம். உங்கள் வீட்டின் மேலேயே கடுமையாக அடிக்கும் புயல் பதினைந்து வருடத்துக்கு ஒன்று, ஜன்னலின் ஆயுள் முப்பது வருடம் என்று வைத்தால், இரண்டு புயல். ஒவ்வொன்றிலும் இந்த ஜன்னல் உங்களுக்கு இரண்டேகால் லட்சத்துக்கு மேல் மிச்சம் பிடித்துத் தந்தால்தான் போட்ட காசு திரும்பும். பலகைகளுக்கு எண்பதாயிரம் ஆகி, அவை அதே நஷ்டத்தின் பெரும்பகுதியைத் தடுத்தால்? அப்போது கண்ணாடி சம்பாதிக்க வேண்டியது மிச்சமுள்ள சிறு பகுதியிலிருந்துதான். அந்தக் கணக்கு தேறாது. கடல் கதவுக்கும் மாடியிலுள்ள நான்கு ஜன்னலுக்கும் மட்டும் என்றால் கூடுதல் செலவு பாதிக்குக் கீழே வந்துவிடும், பலகையால் செய்ய முடியாத வேலையையும் அவை செய்யும். அந்தக் கணக்கு தேறும்.

காப்பீட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஃபுளோரிடாவில் காற்றைத் தாங்கும் ஏற்பாடு செய்த வீட்டுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்பது சட்டம்; அங்கே ஜன்னல் விலையின் ஒரு பகுதி வருடா வருடம் திரும்பி வருகிறது. அண்டைத் தீவான ரீயூனியனில் காற்று பத்து நிமிடச் சராசரியில் 145 கி.மீ. அல்லது வீச்சில் 215 கி.மீ. தொட்டால், அது பிரான்சின் இயற்கைப் பேரிடர்க் காப்பீட்டு ஏற்பாட்டுக்குள் போய்விடும். நம் ஊரில் கரும்புக்கு 1946 முதலே புயல் காப்பீட்டு வாரியம் இருந்திருக்கிறது. கரும்பு வெட்டியவனின் வீட்டுக்கு அப்படி ஒன்று அமையவில்லை. வீட்டுக்காரர் தானே போய்க் காப்பீடு எடுத்தால்தான் உண்டு. உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் புயல் சேர்ந்திருக்கிறதா, ‘திறப்பு உடையாமல் உள்ளே வந்த நீர்’ விலக்கப்பட்டிருக்கிறதா, முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்று பாருங்கள். தள்ளுபடி தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல் வேண்டாம்.

‘முப்பது வருடமாகப் பெரிதாக ஒன்றும் வரவில்லையே’ என்று உங்கள் மைத்துனர் சொன்னதற்கும் ஒரு சொல். 1960-இல் ஒரே பருவத்தில் அலிக்ஸும் கரோலும் வந்தன. நீண்ட இடைவெளி என்பது அடுத்தது வராது என்பதற்குச் சான்று அல்ல. 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் சூறாவளி ரீயூனியனின் வடகரையில் ஏறி, மணிக்கு 200 கி.மீ. தாண்டிய வீச்சோடு அடித்தது. கடல் பாதையில் பார்த்தால் அது நமக்கு அடுத்த தெரு. ஆனால் அவருடைய பேச்சில் ஒரு நியாயமும் உண்டு: 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்தன, அங்கே எந்தக் கண்ணாடியும் உதவியிருக்காது. உங்கள் மனை தெருவைவிடத் தாழ்வாக இருந்தால், வடிகால்தான் முதல் செலவு. ஜன்னலைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பொருத்தும் வேலையைப் பற்றியும் கடைக்காரரிடம் கண்டிப்பாக இருங்கள். ஒன்றரை டன் தள்ளும் கதவைப் பிடித்திருப்பது சட்டத்தைச் சுவரோடு கட்டும் திருகுகள்தான். நம் சுவர்கள் பெரும்பாலும் உள்ளே பொள்ளலான சிமெண்ட் கற்கள். பொள்ளலில் இறக்கிய பிளாஸ்டிக் ஆப்பு புயலில் பல் விழுவது போல் விழும். திறப்பைச் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் ஓரம் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். இல்லையென்றால் ஜன்னல் வரும் முன் அதைக் கட்டுங்கள். திருகுகள் 316 தர எஃகாக இருக்கட்டும். கடலோரத்தில் மலிவான திருகு ஐந்தாறு வருடத்தில் அலுமினியத்தையும் சேர்த்து அரித்துவிடும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நுரையை மட்டும் அடித்து மூடிப் பூசிவிட்டுப் போவார்கள். பூசும் முன் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள், திருகுகளை எண்ணிப் பாருங்கள்.

மொட்டை மாடியில் சூரிய நீர்சூடாக்கியும் பிளாஸ்டிக் தொட்டியும் இருக்குமே, அவற்றைக் கட்டியிருக்கிறீர்களா? வெறும் தொட்டி பறக்கும். புயலுக்கு முன் நிரப்பி வையுங்கள். உங்கள் ஜன்னலை உடைக்கப்போவது பெரும்பாலும் உங்கள் தெருவிலிருந்தே கிளம்பும் பொருள்தான்: பக்கத்து வீட்டுத் தகரம், கோழிக் கூண்டு, தென்னை மட்டை.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்த ஒன்று. தகரச் சமையற்கட்டையும் கான்கிரீட் வீட்டையும் இணைக்கும் அந்த உள்கதவு மெல்லிய ஒட்டுப்பலகைக் கதவு, ஒரே ஒரு கைப்பிடிப் பூட்டு. தகரம் போனால் அடுத்த நிமிடமே அதுதான் வீட்டின் வெளிக்கதவு. எந்த ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பும் அதை முழு மரக்கதவாக மாற்றி, மேலும் கீழும் தாழ்ப்பாள் போடுங்கள். அது எந்தப் பக்கம் திறக்கிறது, நிலை எதில் பதிந்திருக்கிறது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுக் கூரைக்கு எத்தனை பட்டை வேண்டும் என்று சொல்கிறேன்.